மலிவாகவும் நன்றாகவும் சாப்பிடக் கடை தேடுவது எப்படி: திருவல்லிக்கேணியை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னைத் திருவல்லிக்கேணியில், தனியாக வந்தவர்கள் மாத வாடகைக்குத் தங்கும் மேன்ஷன் எனும் விடுதி அறையில் ஆறு ஆண்டுகள் தங்கி மூன்று வேளையும் வெளியில் சாப்பிட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அந்த ஆண்டுகளில் வேலைக்கும் போட்டித் தேர்வுப் படிப்புக்குமாகப் புதிதாக வந்து இறங்கியவர்கள் பலரைக் கவனித்தேன். அவர்களில் பெரும்பாலோர், கடைசியில் செய்ய வேண்டிய, மெஸ்ஸுக்கு மாத முன்பணம் கட்டும் வேலையை முதல் நாளே செய்துவிட்டு, முதலில் செய்ய வேண்டிய நடையை ஒரு மாதம் கழித்து வேண்டாவெறுப்பாகத் தொடங்கினார்கள். கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாமல் செய்தால் பத்து நாள்களில் வேலை முடியும். எடுத்துக்காட்டுகள் திருவல்லிக்கேணியைச் சேர்ந்தவை என்றாலும், மதுரை சிம்மக்கலுக்கோ கோவை காந்திபுரத்துக்கோ தெருப் பெயர்களை மட்டும் மாற்றினால் போதும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு சிறு குறிப்பேடு, பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகளாகச் சில்லறை, தண்ணீர் பாட்டில், மூடி இறுகும் எவர்சில்வர் டப்பா ஒன்று. சில்லறை எதற்கென்றால், கூட்ட நேரத்தில் டோக்கன் கொடுக்கும் இடத்தில் கைப்பேசிப் பணப் பரிமாற்றம் சிக்கிக்கொண்டால் பின்னால் நிற்பவர்கள் பொறுமையாக இருக்க மாட்டார்கள். டப்பாவின் பயன் பத்தாம் படியில் வரும்.

1. நாள்கணக்கைப் போடுங்கள்

சாப்பாட்டுக்கு மாதம் எவ்வளவு என்று மட்டும் முடிவு செய்வது போதாது. அதை வேளைகளாகப் பிரிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மாதம் 6,000 ரூபாய் ஒதுக்கியிருந்தால் நாளுக்கு 200 ரூபாய். காலைக்கு 50, மதியத்துக்கு 80, இரவுக்கு 50 என்று பிரித்தால் 20 ரூபாய் மிஞ்சும், அது டீக்கு. டீயைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. மாலையில் நண்பர்களோடு நின்று குடிக்கும் டீயும் அதனோடு போகும் ஒரு வடையும், பல நாள்களில், இரவு டிஃபன் செலவைத் தொட்டுவிடும்.

இந்தப் பிரிப்பு உங்களுக்கு எந்த வேளை முக்கியம் என்பதையும் காட்டிவிடும். மதியம் அலுவலகத்தில் இருப்பவருக்கு மேன்ஷனுக்கு அருகிலுள்ள மதியச் சாப்பாட்டுக் கடையால் பயனில்லை. அவருக்குத் தேவை இரவு பத்து மணிக்கும் சூடாக தோசை போடும் கடை. வேளையை முடிவு செய்யாமல் ‘நல்ல கடை’ தேடுகிறவர், தனக்குப் பயன்படாத நல்ல கடைகளைக் கண்டுபிடித்துக்கொண்டே இருப்பார்.

2. வயிற்றை நிரப்பிக்கொண்டு, மூன்று வேளையும் நடங்கள்

முதல் மூன்று நாள்கள் எந்தக் கடையையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். நடந்து பார்த்தால் போதும். காலை ஏழு மணிக்கு ஒரு முறை, மதியம் ஒரு மணிக்கு ஒரு முறை, இரவு எட்டரைக்கு ஒரு முறை. கிளம்பும் முன் இரண்டு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிடுங்கள். பசியோடு நடப்பவர் நான்காவது கடையைத் தாண்ட மாட்டார்.

தங்கும் இடத்திலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருக்கும் கடை எவ்வளவு நன்றாக இருந்தாலும், மழை நாளிலும் காய்ச்சல் நாளிலும் அங்கே போக மாட்டீர்கள்.

திருவல்லிக்கேணியில் என் நடைப்பாதை இதுதான். வாலாஜா சாலையிலிருந்து திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் இறங்கி, வாலாஜா பள்ளிவாசலைத் தாண்டி, பைகிராப்ட்ஸ் சாலை என்று இன்னும் பலர் சொல்லும் பாரதி சாலை வரை போவேன். அங்கிருந்து ஜாம்பஜார் சந்தைப் பக்கம் ஒரு சுற்று. திரும்பிக் கடற்கரைத் திசையில் நடந்து, பெரிய தெரு, பார்த்தசாரதி கோயில் குளம், மாட வீதிகள் என்று முடிப்பேன். இந்த ஒரே நடையில் மூன்று வகைச் சமையல் எதிர்ப்படும். கோயிலைச் சுற்றிச் சைவ டிஃபனும் காபியும். பள்ளிவாசலுக்கும் சந்தைக்கும் அருகில் பிரியாணி, பரோட்டா, சால்னா. இரண்டுக்கும் நடுவே மேன்ஷன் சந்துகளில், பெயர்ப்பலகைகூட ஒழுங்காக இல்லாத மெஸ்கள். வேறு ஊரிலும் இப்படித்தான்: கோயில், சந்தை, அரசு மருத்துவமனை, கல்லூரி, பேருந்து நிலையம் ஆகிய ஐந்தையும் முதலில் குறித்துக்கொண்டால், அவற்றைச் சுற்றியுள்ள சந்துகளில் மலிவான கடைகள் தாமே தென்படும். மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் கடைகள் விடியும் முன்பே இட்லி வேக வைத்துவிடும் என்பதும், காரம் குறைவாக இருக்கும் என்பதும் வயிறு சரியில்லாத நாளில் உதவும்.

ஒவ்வொரு கடைக்கும் குறிப்பேட்டில் மூன்று செய்திகள் போதும்: திறந்திருந்த நேரம், பலகையில் எழுதியிருந்த விலை, உள்ளே இருந்தவர்கள் யார். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். காக்கிச் சட்டைக்காரர்களும், கழுத்தில் அடையாள அட்டையோடு வருபவர்களும், கையில் புத்தகப் பையோடு தனியாகச் சாப்பிடுபவர்களும் ஒரே கடையில் இருந்தால், அது அன்றாடம் வருபவர்களை நம்பி நடக்கும் கடை. குடும்பமாகப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் மட்டும் இருந்தால், அது மாதம் ஒரு முறை போகும் கடை.

3. கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

நடந்து பார்த்த பிறகே விசாரிக்க வேண்டும். அப்போதுதான் பதிலில் வரும் சந்தும் கடையும் உங்களுக்குப் புரியும். எங்கள் மேன்ஷன் வாசலில் இஸ்திரி போடுபவரிடம் வந்த முதல் வாரத்தில், “இங்கே நல்ல கடை எதுண்ணே?” என்று கேட்டேன். “நல்ல கடைன்னா மெயின் ரோட்டுல பெரிய ஓட்டல் இருக்கே தம்பி, ஏசி எல்லாம் போட்டிருப்பான்” என்றார். சில நாள் கழித்து, “நீங்க நேத்து மத்தியானம் எங்கண்ணே சாப்பிட்டீங்க?” என்று கேட்டேன். பெட்டியைத் துணியிலிருந்து எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு, “நானா? பின்னாடி சந்துல ஒரு அக்கா சோறு போடும். ஒண்ணே முக்காலுக்கு மேல போனா குழம்பு இருக்காது, முன்னாடியே போயிடு” என்றார். முதல் கேள்விக்கு என்னை விருந்தாளியாக நினைத்துப் பதில் சொன்னார். இரண்டாவதற்கு அவர் தன் வாடிக்கையைச் சொன்னார். குழம்பு தீரும் நேரமும் சேர்ந்தே கிடைத்தது.

ஆகவே ‘நேற்று’, ‘மதியம்’, ‘நீங்கள்’ ஆகிய மூன்று சொற்களையும் கேள்வியில் வையுங்கள். இஸ்திரிக்காரர், மேன்ஷன் காவலாளி, மருந்துக்கடைப் பையன், பாரதி சாலையில் பழைய புத்தகம் விற்பவர் என நாள் முழுவதும் அதே தெருவில் நிற்பவர்களைக் கேளுங்கள். ஆட்டோ ஓட்டுநர்களைக் கேட்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். வண்டி நிறுத்த இடம் இருக்கும் கடையையே அவர்கள் சொல்வார்கள்.

4. இணையத்தில் பார்க்க வேண்டியது கொஞ்சம்

மதிப்பெண்ணை நம்பி எந்தக் கடையையும் பட்டியலில் சேர்க்கவோ நீக்கவோ வேண்டாம். அன்றாடம் சாப்பிடுபவர்கள் விமர்சனம் எழுதுவதில்லை. பல மெஸ்கள் வரைபடத்திலேயே இருக்காது. ஆனால் விலைப்பட்டியலின் அண்மைப் படமும் விடுமுறை நாளும் அங்கே கிடைக்கலாம். வீட்டுக்கு உணவு கொண்டுவரும் செயலிகளில் காட்டும் விலையைக் கடையின் விலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் கடையில் குறைவாகவே இருக்கும்.

பெயர்பெற்ற பழைய கடைகளைப் பட்டியலின் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம். 1948 முதல் இருக்கும் ரத்னா கஃபேயின் சாம்பாரில் மிதக்கும் இட்லியும், அக்பர் சாகிப் தெருவில் டோக்கன் வாங்கிப் பந்தி பந்தியாகக் காத்திருந்து சாப்பிடும் காசி விநாயகா மெஸ்ஸும், சேப்பாக்கத்தில் மீன் வறுவலுக்குப் பேர்போன நாயர் மெஸ்ஸும் இந்தப் பகுதிக்காரர்கள் அனைவரும் அறிந்தவை. இவற்றை அளவுகோலாகப் பயன்படுத்துங்கள். ஒரு முறை அங்கே சாப்பிட்டுவிட்டால், சந்துக் கடையின் ரசத்தை எதோடு ஒப்பிடுவது என்பது தெரிந்துவிடும்.

5. உள்ளே போகும் முன் ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள்

பார்க்க வேண்டியது கூட்டத்தின் அளவை அல்ல, அது நகரும் வேகத்தை. இலைகள் விரைவாக மாறும் கடையில் சோறு அண்டாவில் நெடுநேரம் கிடக்காது. மலிவான கடையில் உங்களைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இந்த வேகம்தான்.

அடுத்தது கை கழுவும் இடம். அங்கே சோப்பு இருக்கிறதா, தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தையே கவனிக்காதவர்கள், கண்ணில் படாத அடுக்களையைக் கவனிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பஜ்ஜி, வடை போடும் கடையானால் எண்ணெய்ச் சட்டியைப் பாருங்கள். கறுத்து, பிசுபிசுத்து, பலகாரத்தைப் போட்டதும் நுரை அடங்காமல் பொங்கினால் அது பலமுறை காய்ந்த எண்ணெய். எண்ணெயின் சிதைவைக் காட்டும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. அதை அளக்க நம்மிடம் கருவி இல்லை என்பதால் நுரையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சூடான வடையை அச்சுத்தாளில் வைத்துக் கொடுத்தால், இலையிலோ தட்டிலோ கேட்டு வாங்குங்கள்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் 14 இலக்கம் கொண்டது. சுவரில் மாட்டியிருக்க வேண்டும். எண் இருப்பதால் சமையல் நன்றாக இருக்கும் என்று பொருள் இல்லை; சிக்கல் வந்தால் யார்மீது புகார் கொடுப்பது என்பதற்கு அது உதவும்.

6. மலிவான ஒன்றை வாங்கிச் சோதியுங்கள்

முதல் நாளே முழுச் சாப்பாடு வாங்க வேண்டாம். டிஃபன் கடையில் இரண்டு இட்லி. மெஸ்ஸில் அளவு சாப்பாடு. பாய் கடையில் குஸ்கா. மூன்றும் கறியோ நெய்யோ மறைத்துக் காப்பாற்ற முடியாத பண்டங்கள். குஸ்காவில் இறைச்சி இல்லாததால் அரிசியின் பக்குவமும் மசாலாவும் நேரடியாகத் தெரியும். “முதல் அண்டா எத்தனை மணிக்குப் பாய் திறப்பீங்க?” என்று கேட்டு அந்த நேரத்துக்குப் போனால், தம் உடைக்கும்போதே சாப்பிடலாம்.

இட்லியில் பார்க்க வேண்டியது மென்மை மட்டும் அல்ல. விரலால் அழுத்தினால் திரும்ப எழ வேண்டும். நாக்கில் சோடா உப்பின் வழுவழுப்பு இருக்கக் கூடாது. மெஸ் சாப்பாட்டில் சாம்பாரை விட்டுவிட்டு ரசத்தையும் மோரையும் சுவைத்துப் பாருங்கள். சாம்பாரில் பருப்பும் காயும் குறைகளை மூடிவிடும். ரசத்தில் புளியும் மிளகும் சீரகமும் தவிர ஒளிந்துகொள்ள ஒன்றும் இல்லை. மோரில் அதுவும் இல்லை.

பொரியல் என்ன காய் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸ், பீட்ரூட், சௌசௌ என்று மலிவான காய்களே வரும், அது குறையல்ல. நான்கு நாளும் ஒரே காய் வந்தால்தான் குறை.

7. இரண்டாம் முறை, தீரும் நேரத்தில் போங்கள்

இந்தப் படியை நான் பார்த்தவரை புதியவர் யாரும் செய்வதில்லை, எனக்கோ இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட உதவியது. பன்னிரண்டரை மணிக்கு எந்தக் கடையும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டே முக்காலுக்குப் போய்ப் பாருங்கள்.

அந்த நேரத்தில் கடைகள் இரண்டு வகையாகப் பிரியும். ஒரு கடையில், “சாம்பார் முடிஞ்சிருச்சு சார், வத்தக்குழம்பு இருக்கு, ஊத்தட்டுமா?” என்பார்கள். இன்னொரு கடையில் சாம்பார் வரும். ஆனால் கரண்டியிலிருந்து விழும்போதே தண்ணீர் தனியாக ஓடி இலையின் ஓரத்துக்குப் போய்விடும், பருப்பு சோற்றின் மேலேயே நிற்கும். முதல் கடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்ந்ததைத் தீர்ந்தது என்று சொல்லும் கடைக்காரர், நேற்று மிஞ்சியதை இன்று கலக்க மாட்டார் என்று ஓரளவு நம்பலாம். தேங்காய்ச் சட்னியும் அப்படித்தான்: கோடையில் காலை அரைத்த சட்னி பதினொரு மணிக்கு மேல் புளிக்கத் தொடங்கும். அப்போது காரச் சட்னிக்கு மாறும் கடை விவரமான கடை.

மூன்றாம் முறை போகும்போது, முதல் முறைக்கும் இதற்கும் அளவு குறைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மறுசோறு கேட்கும்போது பரிமாறுபவர் எங்கே பார்க்கிறார் என்பதையும் பாருங்கள். கல்லாவைப் பார்த்தால், அந்தக் கடையில் ‘முழுச் சாப்பாடு’ என்ற பெயருக்கு எல்லை உண்டு.

8. ரசீதைப் படியுங்கள்

பலகையில் இருக்கும் விலையும் கொடுக்கும் விலையும் ஒன்றா என்று பாருங்கள். உணவகங்களுக்குப் பொதுவாக 5 சதவீத ஜிஎஸ்டி. சிறு கடைகள் பல, மொத்த விற்பனையில் ஒரு சிறு விகிதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும். அந்தத் திட்டத்தில் இருப்பவர்கள் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வசூலிக்கக் கூடாது. ரசீதில் ஜிஎஸ்டி எண் இல்லாமல் வரி மட்டும் இருந்தால் கேளுங்கள். சேவைக் கட்டணத்தைத் தாமாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையிலேயே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது; மெஸ்களில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. பார்சலுக்கு எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

9. மாதக் கணக்கு: இப்போதுதான்

என் பிழையைச் சொல்கிறேன். வந்த இரண்டாம் நாளே, மேன்ஷனின் கீழ்த்தளத்தில் இருந்த மெஸ் ஒன்றில் ஒரு மாதத்துக்கு முன்பணம் கட்டினேன். முதல் வாரம் கூட்டு, பொரியல், அப்பளம் எல்லாம் வந்தன. பத்தாம் நாள் கூட்டு நின்றது. ஞாயிறு இரவு அடுப்பு பற்ற வைக்க மாட்டார்கள் என்பது முதல் ஞாயிறு இரவு எட்டு மணிக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஊருக்குப் போன ஐந்து நாளைக்கும் கழிவு இல்லை. கேட்டதற்கு, “பேசும்போதே கேட்டிருக்கணும் தம்பி” என்றார்கள். சொன்னது சரிதான்.

ஆகவே பணம் கட்டும் முன் இந்த நான்கையும் வாய்விட்டுக் கேளுங்கள். ஞாயிறு இரவு உண்டா? ஊருக்குப் போனால் எத்தனை நாளுக்கு முன் சொன்னால் கழிப்பார்கள்? பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எத்தனை நாள் மூடுவார்கள்? சாப்பிடாத வேளையை வேறு நாளில் பயன்படுத்தலாமா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்பவர்கள் பொதுவாகக் கூப்பன் முறை வைத்திருப்பார்கள், அதையே தேர்ந்தெடுங்கள்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். மாதத்துக்கு இரண்டு வேளை என்றால் அறுபது சாப்பாடு. ஞாயிறு இரவுகள் நான்கு போகும். நண்பர் அழைத்து, அலுவலகத்தில் தாமதமாகி, ஊருக்குப் போய் என்று குறைந்தது எட்டு போகும். மாதத் தொகையை அறுபதால் வகுக்காமல் நாற்பத்தெட்டால் வகுத்து, அது அன்றாட விலையைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் கட்டுங்கள். முதல் முறை பதினைந்து நாளுக்கு மேல் கட்ட வேண்டாம்.

10. மாற்றுக் கடையும் நாட்காட்டியும்

ஒவ்வொரு வேளைக்கும் இரண்டு கடைகளாவது கையில் இருக்க வேண்டும். நோன்பு மாதத்தில் பாய் கடைகள் பல பகலில் மூடி, மாலையில் திறந்து விடியும் முன் வரை நடக்கும். இரவு வேலைக்குப் போய் வருபவர்களுக்கு அந்த மாதம் வசதி. புரட்டாசியில் அசைவம் தின்பவர் குறைவதால் கறி விற்கும் வேகம் குறையும். ஐந்தாம் படியில் சொன்ன வேகம் இல்லாத கடையில் அந்த மாதம் கறி வேண்டாம். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் நாளில் புதிய கடை எதையும் சோதிக்காதீர்கள். அன்று எந்தக் கடையும் தன் இயல்பில் இருக்காது.

பணம் கையைக் கடிக்கும் மாதக் கடைசிக்கு, அருகிலுள்ள அம்மா உணவகம் எங்கே என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். 2013-இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது வைத்த விலைகள் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். முதலில் டோக்கன் வாங்கி, பிறகு வரிசையில் நிற்க வேண்டும். மதியம் தாமதமானால் தயிர் சாதம் தீர்ந்துவிடும்.

அந்த எவர்சில்வர் டப்பாவுக்கு வருகிறேன். அறையில் சோறு வடித்துக்கொள்ள அனுமதி இருந்தால், மெஸ்ஸில் குழம்பும் பொரியலும் மட்டும் டப்பாவில் வாங்கலாம். செலவு பாதிக்கு வரும். அனுமதி இல்லாதவர்கள் இரவில் ஒரு பார்சல் சாப்பாடு வாங்கி அறைத்தோழரோடு பகிரலாம். பார்சல் சோறு அநேகமாக இருவருக்குத் தாங்கும். மதியம் வாங்கிய பார்சலை இரவுக்கு வைக்காதீர்கள். சென்னை வெயிலில் வெந்த சோறு அத்தனை மணி நேரம் தாங்காது. வாசனையில் தெரியும் முன்பே கெட்டிருக்கும்.

கடைசியாக ஒன்று. பழகிய கடையில் ஒரு நாள் ரசத்தின் ருசி மாறியிருந்தால், கல்லாவில் இருப்பவரிடம், “மாஸ்டர் ஊருக்குப் போயிருக்காரா அண்ணே?” என்று கேளுங்கள். போயிருக்கிறார், வருவார் என்றால் ஒரு வாரம் மாற்றுக் கடையில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். மாஸ்டரே மாறிவிட்டார் என்றால், பலகை அதேதான் என்றாலும் அதைப் புதிய கடையாக எண்ணி, ஆறாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.